ரபாத் முதல் ஜெனீவா வரை: பன்னாட்டு அரசியலில் இஸ்லாம்

2019 மார்ச் 1. அபுதாபியில் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் வெளியுறவு அமைச்சர்கள் கூடியிருந்தார்கள். சிறப்பு விருந்தினராக அழைக்கப்பட்டு மேடையேறிப் பேசியவர் இந்திய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ். பாலாகோட்டில் இந்திய விமானங்கள் குண்டு வீசி மூன்று நாள்தான் ஆகியிருந்தது. இந்தியாவுக்கு அனுப்பிய அழைப்பைத் திரும்பப் பெறுங்கள் என்று பாகிஸ்தான் வற்புறுத்தியது. ஐக்கிய அரபு அமீரகம் அசையவில்லை. பாகிஸ்தான் வெளியுறவு அமைச்சர் ஷா மஹ்மூத் குரேஷி மாநாட்டுக்கே வரவில்லை. அந்த அமைப்பைத் தொடங்கிய நாடுகளில் பாகிஸ்தானும் ஒன்று. இந்தியாவோ அதில் உறுப்பினரும் அல்ல, பார்வையாளரும் அல்ல.

இந்த அழைப்பின் அருமை புரிய வேண்டுமானால் ஐம்பது ஆண்டுகள் பின்னால் போக வேண்டும். 1969 ஆகஸ்ட் 21 அன்று ஜெருசலேமின் அல்-அக்ஸா பள்ளிவாசலுக்கு டெனிஸ் மைக்கேல் ரோகன் என்ற ஆஸ்திரேலியர் தீ வைத்தார். சலாஹுத்தீன் ஐயூபியின் பெயரால் அறியப்பட்ட பழைய மிம்பர் (பிரசங்க மேடை) எரிந்து போனது. இரண்டாண்டுகளுக்கு முன்புதான் அந்த நகரம் இஸ்ரேலின் கைக்குப் போயிருந்தது. முஸ்லிம் உலகெங்கும் கொதிப்பு. சவூதி மன்னர் ஃபைசல் இந்தக் கொதிப்பை ஒரு மாநாடாக மாற்றினார். எகிப்தின் நாசர் முன்வைத்த அரபு தேசியத்துக்கு எதிராக இஸ்லாமிய நாடுகளின் அணி ஒன்றைக் கட்ட 1967 போரில் நாசர் தோற்பதற்கு முன்பிருந்தே அவர் முயன்றுகொண்டிருந்தார். அக்ஸாவின் தீ அதற்கு வழி திறந்தது. செப்டம்பர் 22 முதல் 25 வரை மொராக்கோவின் தலைநகர் ரபாத்தில் உச்சி மாநாடு. இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு பிறந்தது அங்கிருந்துதான்.

இந்தியா அழைக்கப்பட்டது. ஆறு கோடி அளவில் முஸ்லிம்கள் வாழும் நாட்டை எப்படி விட்டுவிட முடியும் என்பது அழைத்தவர்களின் வாதம். டெல்லியிலிருந்து ஃபக்ருத்தீன் அலி அகமது தலைமையிலான குழு வந்து சேரும் வரை, மொராக்கோவில் இருந்த இந்தியத் தூதர் குர்பச்சன் சிங் இந்தியாவின் நாற்காலியில் அமர்ந்தார். இஸ்லாமிய உச்சி மாநாட்டில் இந்தியாவின் முதல் பிரதிநிதி ஒரு சீக்கியர். வரலாற்றுக்கு நகைச்சுவை உணர்வு உண்டு என்று நம்ப இப்படிப்பட்ட தருணங்கள்தான் காரணம்.

பாகிஸ்தான் அதிபர் யாஹ்யா கான் அடுத்த அமர்வுக்கு வர மறுத்தார். அகமதாபாத்தில் செப்டம்பர் 18-இல் தொடங்கிய கலவரத்தில் முஸ்லிம்கள் நூற்றுக்கணக்கில் கொல்லப்பட்டிருந்தார்கள். அந்த நாட்டோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்பது அவர் சொன்ன காரணம். காரணம் பொய்யல்ல, கலவரம் நடந்தது உண்மை. ஆனால் இந்தியா உள்ளே வந்துவிட்டால், துணைக்கண்ட முஸ்லிம்களின் நாடு நாங்களே என்ற பாகிஸ்தானின் அடிப்படை வாதமே ஆட்டம் காணும் என்பதும் அவருக்குத் தெரியும். ஜோர்டான், ஈரான், துருக்கி ஆகியவை பாகிஸ்தான் பக்கம் சாய்ந்தன. நீங்களாகவே ஒதுங்கிக்கொள்ளுங்கள் என்று இந்தியக் குழுவிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஃபக்ருத்தீன் மறுத்தார். கடைசி அமர்வு இந்தியா இல்லாமலேயே நடந்து முடிந்தது. இந்திரா காந்தி அரசு நாடாளுமன்றத்தில் வாங்கிக் கட்டிக்கொண்டது. மொராக்கோவிலிருந்தும் ஜோர்டானிலிருந்தும் தூதர்கள் திரும்ப அழைக்கப்பட்டார்கள்.

இரண்டு காட்சிகளுக்கும் இடையில் இஸ்லாத்தின் அடிப்படைகள் எதுவும் மாறவில்லை. காஷ்மீர்ப் பிரச்சினையும் தீரவில்லை. மாறியது வளைகுடாவின் கணக்கு. முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அமீரகத்தில் வாழ்கிறார்கள்; இந்தியா அங்கிருந்து எண்ணெய் வாங்கும் பெரிய வாடிக்கையாளர்; முதலீடு இரு பக்கமும் போய் வருகிறது. 1969-இல் பாகிஸ்தானை மனம் நோகச் செய்வதற்கு விலை இருந்தது. 2019-இல் அந்த விலை இந்தியா பக்கம் வந்துவிட்டது. ஆனாலும் அதே அபுதாபி மாநாடு கலையும் முன் காஷ்மீர் குறித்து இந்தியாவைக் கண்டிக்கும் தீர்மானம் ஒன்றையும் நிறைவேற்றியது. மேடை இந்தியாவுக்கு, தீர்மானம் பாகிஸ்தானுக்கு. இந்த இரட்டைக் கணக்கைப் புரிந்துகொண்டால் பன்னாட்டு உறவுகளில் இஸ்லாத்தின் இடம் பாதி விளங்கிவிடும்.

இந்த விஷயத்தில் இரண்டு எளிய விளக்கங்கள் புழக்கத்தில் இருக்கின்றன. சாமுவேல் ஹண்டிங்டன் 1993-இல் எழுதிய கட்டுரைக்குப் பிறகு பரவிய ஒன்று: முஸ்லிம் நாடுகள் ஒரே நாகரிகம், நெருக்கடி வந்தால் ஒரே அணி. இன்னொன்று பல்கலைக்கழக அரசியல் துறைகளில் அதிகம் கேட்பது: நாடுகள் நலனை மட்டுமே பார்க்கின்றன, மதம் வெறும் போர்வை. முதலாவதை வரலாறு பலமுறை பொய்யாக்கியிருக்கிறது. 1914 நவம்பரில் உஸ்மானிய கலீஃபா ஜிஹாது அறிவித்தார். அவருடைய கூட்டாளிகள் ஜெர்மனியும் ஆஸ்திரியாவும். 1916-இல் அவருக்கு எதிராகக் கிளம்பியவர் மக்காவின் ஷரீஃப் ஹுசைன். ஹுசைனுக்கு ஆயுதம் கொடுத்தது பிரிட்டன். மெசபடோமியாவில் கலீஃபாவின் படையோடு மோதியவர்களில் இந்திய முஸ்லிம் சிப்பாய்களும் இருந்தார்கள். 1924-இல் கிலாஃபத்தை ஒழித்தது வெள்ளையர் அல்ல, துருக்கியின் சொந்த நாடாளுமன்றம். 1980 முதல் 1988 வரை எட்டாண்டு ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்ட ஈரானும் ஈராக்கும் ஒரே அமைப்பின் உறுப்பினர்கள்.

இரண்டாவது விளக்கம் அவ்வளவு சுலபமாக உடையாது. ஆனால் அதிலும் ஓட்டை இருக்கிறது. வெறும் போர்வைதான் என்றால் அந்தப் போர்வைக்காக அரசுகள் ஏன் இவ்வளவு அடித்துக்கொள்கின்றன? 1979-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். இஸ்ரேலோடு எகிப்து சமாதான ஒப்பந்தம் செய்தது. நபிகளார் குறைஷியரோடு செய்த ஹுதைபிய்யா உடன்படிக்கையைச் சான்று காட்டி, இது மார்க்கத்துக்கு உட்பட்டதே என்று கெய்ரோவின் அல்-அஸ்ஹர் ஃபத்வா கொடுத்தது. அதே ஆண்டு ஃபெஸ் நகரில் கூடிய இஸ்லாமிய மாநாடு எகிப்தை இடைநீக்கம் செய்தது. இரு தரப்பும் மார்க்கத்தின் பெயரால்தான் பேசின. எகிப்து 1984-இல் திரும்பச் சேர்க்கப்பட்டது. ஒப்பந்தம் அப்படியே இருந்தது. என் பார்வையில், அரசு எந்தப் பக்கம் போக வேண்டும் என்பதை மதம் முடிவு செய்வதில்லை. ஆனால் போகிற பக்கத்துக்கு ஊர் முன்னால் நியாயம் சொல்லும்படி அது அரசைக் கட்டாயப்படுத்துகிறது. அந்த நியாயத்தைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதே உண்மையான போட்டி.

அந்தப் போட்டி மிகத் தெளிவாகத் தெரியும் இடம் மக்கா. 1979-இல் ஈரானில் புரட்சி. மன்னராட்சியே இஸ்லாத்துக்கு முரண் என்றார் அதன் தலைவர் கொமெய்னி. அதே ஆண்டு நவம்பரில் மக்காவின் பெரிய பள்ளிவாசலை ஆயுதக் கும்பல் ஒன்று கைப்பற்றி இரண்டு வாரம் வைத்திருந்தது. சவூதி அரச குடும்பத்துக்கு இரண்டு பக்கமும் அடி. 1986-இல் மன்னர் ஃபஹத், 'மாட்சிமை தங்கிய' என்ற பட்டத்தை விட்டுவிட்டு 'இரு புனிதப் பள்ளிகளின் காவலர்' என்று தம்மை அழைக்கச் செய்தது இந்தப் பின்னணியில்தான். அடுத்த ஆண்டே சோதனை வந்தது. 1987 ஜூலை 31 அன்று ஹஜ் நேரத்தில் ஈரானிய யாத்ரீகர்கள் மக்காவில் நடத்திய ஊர்வலத்துக்கும் சவூதிப் படைக்கும் மோதல். 400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

1988-இல் அம்மானில் கூடிய இஸ்லாமிய வெளியுறவு அமைச்சர்கள் ஒரு விதியை ஒப்புக்கொண்டார்கள்: ஆயிரம் முஸ்லிம்களுக்கு ஒரு ஹாஜி. ஹரம் எனப்படும் மக்காவின் பெரிய பள்ளிவாசலில் விரிவாக்கப் பணி நடக்கிறது, இடமில்லை என்பது சொல்லப்பட்ட காரணம். ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேரை அனுப்பிவந்த ஈரானுக்கு 45,000 இடம்தான் கிடைத்தது. ஈரான் மூன்று ஆண்டுகள் யாரையும் அனுப்பவில்லை. 1991-இல்தான் உறவு ஒட்டியது. ஒரு பகையைச் சமாளிக்கப் பிறந்த விதி இன்று எல்லா நாடுகளையும் ஆள்கிறது. இந்தோனேசியாவின் 2,21,000 இடமும் இந்தியாவின் 1,75,025 இடமும் இந்தக் கணக்கிலிருந்து வந்தவை. பிரதமர்கள் ரியாத் போகும்போது எண்ணெயோடும் ஆயுதத்தோடும் ஹஜ் இடங்களும் பேச்சில் இருக்கும். கூட்டிக் கொடுத்தால் நட்பு, குறைத்தால் குறிப்பு.

இது மேல்மட்டத்துச் சமாச்சாரம் என்று நினைக்க வேண்டாம். 2025 ஏப்ரலில், தனியார் பயண ஏற்பாட்டாளர்கள் வழியாகப் போகவிருந்த இந்தியர்களின் சுமார் 52,000 இடங்கள் திடீரென்று தொங்கலில் விழுந்தன. மினாவில் கூடாரப் பகுதி ஒதுக்கீட்டுக்கும் தங்குமிடத்துக்கும் போக்குவரத்துக்கும் கெடுவுக்குள் பணம் கட்டி ஒப்பந்தம் முடிக்கவில்லை என்பது சவூதித் தரப்பின் காரணம். தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார்; டெல்லி பேசியது; சவூதி அமைச்சகம் இணையவழியை மறுபடி திறந்து 10,000 பேருக்கு வழிவிட்டது. மற்றவர்கள் கட்டிய பணத்துக்கு அலைந்தார்கள். ஹஜ்ஜுக்காகக் காலமெல்லாம் சேர்த்துவைத்த ஒரு குடும்பத்தின் நிய்யத்துக்கும் மினாவின் கூடாரத்துக்கும் நடுவில் இரண்டு அரசுகளும் ஒரு கணினித் திரையும் நிற்கின்றன. இஸ்லாம் பன்னாட்டு உறவாகும் இடம் இதைவிடத் தெளிவாக வேறெங்கும் எனக்குத் தெரியவில்லை.

சவூதி–ஈரான் பகை 2016-இல் மறுபடி வெடித்தது. ஷியா அறிஞர் நிம்ர் அல்-நிம்ருக்குச் சவூதி மரண தண்டனை நிறைவேற்ற, டெஹ்ரானில் சவூதித் தூதரகம் தாக்கப்பட, உறவு முறிந்தது. 2023 மார்ச் 10 அன்று இருவரையும் கைகுலுக்க வைத்தது இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு அல்ல. பெய்ஜிங்.

பெய்ஜிங் என்றதும் ஷின்ஜியாங் நினைவுக்கு வராமல் இருக்காது. உய்குர் முஸ்லிம்கள் முகாம்களில் அடைக்கப்பட்டிருப்பதாக உலகம் பேசிக்கொண்டிருந்த 2019-இல், சுஷ்மா பேசிய அதே அபுதாபி மாநாடு, சீனா தன் முஸ்லிம் குடிமக்கள் மீது காட்டும் அக்கறையைப் பாராட்டித் தீர்மானம் போட்டது. 2022 அக்டோபர் 6 அன்று ஜெனீவாவில் ஐ.நா. மனித உரிமைப் பேரவையின் முன் வந்த கேள்வி மிகச் சிறியது: ஷின்ஜியாங் பற்றி ஒரு விவாதம் வைக்கலாமா? கண்டனம் அல்ல, விசாரணை அல்ல, வெறும் விவாதம். ஆதரவு 17, எதிர்ப்பு 19, நடுநிலை 11. விவாதமே வேண்டாம் என்றவர்களில் பாகிஸ்தான், இந்தோனேசியா, கத்தார், அமீரகம், கஜகஸ்தான், உஸ்பெகிஸ்தான் இருந்தன. மலேசியா நடுநிலை. வேண்டும் என்று கை தூக்கிய முஸ்லிம் நாடு சோமாலியா. போரிலும் பஞ்சத்திலும் சிதைந்து கிடந்த நாட்டுக்கு வந்த துணிச்சல் எண்ணெய் வள நாடுகளுக்கு வரவில்லை.

மனசாட்சி செத்துவிட்டது என்று இதை முடித்துவிடலாம். அது அரை உண்மை. 1972-இல் எழுதப்பட்ட இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் சாசனத்திலேயே விடை இருக்கிறது: ஒவ்வொரு நாட்டின் இறையாண்மைக்கும் மதிப்பு, உள்விவகாரத்தில் தலையிடாமை. உம்மத்தின், அதாவது உலக முஸ்லிம் சமூகத்தின், பெயரால் கூடிய அமைப்பு, உம்மத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து வைத்திருக்கும் எல்லைக் கோடுகளைத்தான் தன் அடித்தளமாகக் கொண்டது. தன் நாட்டுச் சிறுபான்மையைப் பற்றி அடுத்தவன் கேட்கக் கூடாது என்று நினைக்கும் அரசு, அடுத்தவன் நாட்டுச் சிறுபான்மையைப் பற்றியும் கேட்காது. 57 உறுப்பு நாடுகளில் கயானா, சுரினாம், காபோன், உகாண்டா போல முஸ்லிம்கள் சிறுபான்மையாக வாழும் நாடுகளும் உண்டு என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இதை ஒரு மதக் கூட்டமைப்பு என்பதைவிட அரசுகளின் சங்கம் என்பதே பொருந்தும்.

பேசத் துணிந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்பதும் பதிவாகியிருக்கிறது. 2019 செப்டம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் காஷ்மீர் பற்றிக் கடுமையாகப் பேசினார் மலேசியப் பிரதமர் மகாதீர். சில மாதங்களில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதிக்கு இந்தியா கட்டுப்பாடு போட்டது. அடி விழுந்தது மலேசியாவுக்கு. ஒத்துப்போன நாட்டின் கதை வேறு. மொராக்கோ மன்னர் இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் அல்-குத்ஸ் (ஜெருசலேம்) குழுவுக்குத் தலைவர். ரபாத்தில் அக்ஸாவுக்காக உலகைக் கூட்டிய நாடு அது. மேற்கு சஹாரா மீதான அதன் உரிமையை அமெரிக்கா ஏற்றுக்கொண்ட 2020 டிசம்பரில் அது இஸ்ரேலோடு உறவை ஏற்படுத்திக்கொண்டது. காசா போரின்போதும் அந்த உறவை முறிக்கவில்லை.

அப்படியானால் இந்தப் பேச்சால் யாருக்கும் எதுவும் நடந்ததில்லையா? நடந்திருக்கிறது, பெரிய தலைநகரங்களில் அல்ல. 2018-இல் வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் அகதி முகாம்களுக்கு இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பின் குழுவோடு போனார் காம்பியாவின் சட்ட அமைச்சர் அபூபக்கர் தம்பாடு. ருவாண்டா இனப்படுகொலை வழக்குகளை நடத்திய ஐ.நா. தீர்ப்பாயத்தில் வேலை பார்த்தவர். மியான்மரிலிருந்து தப்பி வந்த ரோஹிங்யா முஸ்லிம்கள் சொன்னதைக் கேட்டபோது அவருக்கு ருவாண்டா தெரிந்தது. மேற்கு ஆப்பிரிக்காவில் ஒரு நதியின் இரு கரைகளாக மட்டும் நீளும் அந்தச் சின்ன நாடு, அமைப்பின் ஆதரவோடு 2019 நவம்பர் 11 அன்று மியான்மர் மீது ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றத்தில் இனப்படுகொலை வழக்குத் தொடுத்தது. வாதாட மியான்மரின் அன்றைய தலைவர் ஆங் சான் சூச்சியே வர வேண்டியிருந்தது. 2020 ஜனவரி 23 அன்று நீதிபதிகள் ஒருமனதாக இடைக்கால உத்தரவு போட்டார்கள். மதம் தந்த மேடையும், ஒரு மனிதரின் தொழில் அனுபவமும், மியான்மரிடம் இழக்க ஏதுமில்லாத ஒரு நாடும் சேர்ந்த இடத்தில் அது சாத்தியமாயிற்று. இதே வழியில் 2023 டிசம்பரில் காசாவுக்காக ஹேக் போன நாடு தென்னாப்பிரிக்கா. அது அந்த அமைப்பில் உறுப்பினரே இல்லை.

இலங்கையின் கதை தமிழ் வாசகருக்கு மிக நெருக்கமானது, கசப்பானதும்கூட. கொரோனாவில் இறந்தவர்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020 ஏப்ரல் 11 அன்று அரசிதழ் அறிவிப்பு வந்தது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் கேட்கவில்லை. அந்த டிசம்பரில், பிறந்து இருபது நாளான ஒரு முஸ்லிம் குழந்தையும் எரிக்கப்பட்டது. பொரளை மயானத்தின் வேலியில் மக்கள் வெள்ளைத் துணிகளைக் கட்டினார்கள். கபன் துணியின் நிறம். முஸ்லிம்கள் மட்டுமல்ல, சிங்களவரும் தமிழரும் வந்து கட்டினார்கள். இஸ்லாமிய ஒத்துழைப்பு அமைப்பு கவலை தெரிவித்தது. பத்து மாதம் எதுவும் நகரவில்லை.

நகர்த்தியது ஜெனீவா நாட்காட்டி. 2021 பிப்ரவரி–மார்ச்சில் மனித உரிமைப் பேரவை அமர்வு. போர்க்காலக் குற்றங்களுக்குச் சான்று திரட்டும் தீர்மானம் இலங்கைக்கு எதிராக வரவிருந்தது. பேரவையில் முஸ்லிம் நாடுகளின் வாக்குகள் கணிசம். பிப்ரவரி 23, 24 தேதிகளில் அன்றைய பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கொழும்பு வந்து போனார். அவர் போன மறுநாள் தேதியிட்ட அரசிதழில் அடக்கத்துக்கு அனுமதி வந்தது. மார்ச் 23 அன்று வாக்கெடுப்பு: ஆதரவு 22, எதிர்ப்பு 11, நடுநிலை 14. தீர்மானம் நிறைவேறியது. பாகிஸ்தான், வங்கதேசம், உஸ்பெகிஸ்தான், சோமாலியா ஆகியவை இலங்கை அரசின் பக்கம் வாக்களித்தன. இந்தோனேசியா, பஹ்ரைன், லிபியா, சூடான், செனகல் நடுநிலை. இந்தியாவும் நடுநிலை.

ஜனாஸா (இறந்தோர்) அடக்கத்துக்கு ஈடாக வாக்கு என்று எழுத்தில் எங்கும் இல்லை. அப்படி ஒரு பேரம் நடந்தது என்று நான் சொல்லவும் இல்லை. ஆனால் மார்க்க உரிமைக்கான குரல், வாக்கின் எடை கூடிய வாரத்தில்தான் கேட்டது. அதே வாக்குகளில் நான்கு, போரில் பிள்ளைகளை இழந்த தமிழ்த் தாய்மார் எதிர்பார்த்த தீர்மானத்துக்கு எதிராக விழுந்தன. இது முஸ்லிம்கள் தமிழருக்குச் செய்த துரோகம் என்று அப்போது சிலர் எழுதினார்கள். தவறு. ஓட்டுப் போட்டவை அரசுகள். காத்தான்குடியிலோ கிண்ணியாவிலோ மையித்தை (சடலத்தை) வைத்துக்கொண்டு தவித்த குடும்பத்திடம் யாரும் கருத்துக் கேட்கவில்லை. முதலில் அடக்கத்துக்கு அரசு காட்டிய இடம் இரணைதீவு; அதை எதிர்த்து அந்தத் தீவின் தமிழ்க் கத்தோலிக்கர்களும் பேசினார்கள், முஸ்லிம் தலைவர்களும் பேசினார்கள். பிறகு கிழக்கில் ஓட்டமாவடி முடிவாயிற்று.

2021 மார்ச் 5 முதல் ஓட்டமாவடியில் அடக்கங்கள் தொடங்கின. கொரோனாவில் இறந்த முஸ்லிம்களை நாடெங்கிலும் இருந்து அந்த ஓரிடத்துக்கே ஓராண்டு காலம் கொண்டுபோக வேண்டியிருந்தது. அதற்கு முன் எரிக்கப்பட்ட முஸ்லிம்கள் இருநூறுக்கும் மேல். அந்த உத்தரவு வந்தபோது ஜனாதிபதியாக இருந்த கோத்தாபய ராஜபக்ச 2022-இல் நாட்டை விட்டு ஓடினார். எரித்ததற்காக இலங்கை அமைச்சரவை முறைப்படி மன்னிப்புக் கோரியது 2024 ஜூலையில்.